ஏப்ரல் இன்னும் காய்க்கவில்லை

லேஸ் பின்னுகிற ரேந்தைக் கூடத்தில் கண் போனால் வேலையும் போயிற்று. இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. எழுதினால் வெட்கக்கேடாகத் தெரியும். நாற்பத்தைந்து வயதில் ஒருத்திக்கு ஒரு நூல் இரண்டாகத் தெரிய ஆரம்பிக்கும். ஐம்பதில் விரலால் தடவித் தடவிப் பின்னுவாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, கூடத்தை நடத்தும் வெள்ளைக்கார மதாம்மா அவளுடைய பின்னல் திண்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சோப்புக்கட்டியைக் கையில் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபம் செய்து அனுப்பிவிடுவார். முப்பது வருடம் அவள் பின்னின ரேந்தை கப்பலேறிப் போய் ஏதோ ஒரு சீமாட்டியின் மேஜையில் விரிந்து கிடக்கும். அவளோ மகன் வீட்டு அடுக்களை மூலையில், மருமகள் எப்போது தட்டில் சோறு வைப்பாள் என்று பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அங்கே பின்னிக்கொண்டிருந்த ஞானபாய்க்கு 1947-இல் வயது நாற்பத்திரண்டு. புருஷன் செத்துப் பதினான்கு வருடம். ஒரே மகன் செல்வதாஸ் பஸ்ஸில் கண்டக்டர். மருமகள் பூங்கனி நல்லவள்தான். ஆனால் நல்லவளின் கையை எதிர்பார்ப்பதும் எதிர்பார்ப்பதுதானே என்பது ஞானபாயின் கட்சி. இன்னும் எட்டு வருடத்துக்குத்தான் தன் கண் தாங்கும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்த ஊரில் வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் உண்டு. முத்துநாயகம் வாத்தியார். மாதம் முதல் தேதி குடையை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கஜானாவுக்குப் போவார், சாயங்காலம் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு திரும்பி வருவார். அதற்குப் பெயர் பென்சன் என்று செல்வதாஸ் சொன்னான். சர்க்கார் வேலை பார்த்தவருக்கு வயசான காலத்தில் சர்க்கார் கொடுப்பதாம்.

ஞானபாய் இதை மூன்று நாள் மனசில் போட்டு உருட்டினாள். நாலாவது நாள் கஞ்சி குடிக்கும்போது மகனிடம், தனக்கும் பென்சன் வேண்டும் என்றாள்.

"உனக்கு யாரும்மா தருவா?" என்றான் அவன்.

"யாரும் தரமாட்டா. அதான் நானே எனக்குத் தந்துக்கிடப் போறேன்."

அந்தப் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கர்த்தருக்கென்று தனிப்பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் உபதேசியார் வந்து வாங்கிப் போவார். ஞானபாய் அந்தப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானையை வைத்தாள். கர்த்தருக்கு ஒரு பிடி, கண் போன ஞானபாய்க்கு ஒரு பிடி. ரேஷன் அரிசிக் காலம். பாதி நாள் மரச்சீனிக் கிழங்குதான் சாப்பாடு. அந்த இரண்டாவது பிடியை அவள் மகன் தட்டிலிருந்து எடுக்கவில்லை, தன் தட்டிலிருந்துதான் குறைத்துக்கொண்டாள். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள்.

ஒரு பானை நிறைந்தது. அதற்குப் பெரிய பானை ஒன்று வாங்கினாள். அதுவும் நிறைந்து வரும்போது சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. முந்தின நாள் உபதேசியார் ஏசுஅடிமை சாக்கோடு வீட்டுக்கு வந்தார். ஞானபாய் ரேந்தைக் கூடத்தில் இருந்தாள். பூங்கனி பக்தியுள்ள பெண். பிடியரிசி எங்கே என்று அவர் கேட்க, அவள் இரண்டு பானையையும் சாக்கில் கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் ஆராதனையில் ஏசுஅடிமை கண்ணை மூடிக்கொண்டு நீண்ட ஜெபம் பண்ணினார். ஏழை விதவை ஒருத்தி தன் பசியை அடக்கி மற்ற எல்லாரையும்விட மிகுதியாகப் படைத்திருக்கிறாள் என்று கர்த்தருக்குத் தெரிவித்தார். பேரையும் சொன்னார். அப்போதுதான் ஞானபாய்க்கு விஷயமே புரிந்தது. ஆமென் சொல்லி முடிந்ததும் எழுந்து நின்றாள்.

"உபதேசியாரே, அது கர்த்தருக்குள்ள பானை இல்ல. எனக்குள்ளது."

கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"நான் குடுக்கலியே. கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ. கேக்காம எடுத்துக்கிட்டுப் போறதுக்கு நம்ம ஊர்ல வேற பேருல்லா சொல்லுவோம்?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. அப்புறம் இன்னொன்று. ரேந்தைக் கூடத்துப் பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூங்கனி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

கோவில் கமிட்டி உடனே வெளியே மரத்தடியில் கூடியது. அரிசி விடியற்காலையிலேயே ஏலத்தில் போயாயிற்று. ராஜாக்கமங்கலத்துக்குப் போகும் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற வைகுண்டராஜன் எடுத்திருந்தார். பணத்தைக் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள், எழுதினதை அழிக்க முடியாதாம். ஏலத்தில் கேட்பாரில்லாமல் மிஞ்சிக் கிடந்தது ஒன்றுதான். யாரோ முதற்பலனாகக் கொண்டு வைத்த பன்னிரண்டு தென்னம்பிள்ளை. ஏற்கெனவே தெங்கு நிற்காத வீடு அந்த ஊரில் கிடையாது. வேண்டுமானால் அதை எடுத்துக்கொள் என்றார்கள். கமிட்டிக்காரர்கள் அதை ஒரு குத்தலாகத்தான் சொன்னார்கள்.

ஞானபாய் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். பென்சன் மாதாமாதம்தானே வரும்.

"எடுத்துக்கிடுதேன்" என்றாள். செல்வதாஸ் தலையில் ஆறும் அவள் தலையில் ஆறுமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவளுடைய வீடு நிற்பதே மூன்று சென்டு நிலத்தில். பன்னிரண்டு தெங்குக்கு எங்கே போவாள்? அந்தச் சமயத்தில்தான் வைகுண்டராஜனுக்கு மகள் கல்யாணத்துக்குப் பணமுடை வந்தது. கடைக்குத் தெற்கே தாழைப்புதர் சூழ இருபது சென்டு மணல் கிடந்தது. எள் போட்டாலும் முளைக்காத இடம். அதை நூற்றைம்பது ரூபாய்க்கு ஒற்றி வைக்க ஆள் தேடினார். ஒற்றி என்றால், பணம் கொடுத்தவர் அந்த நிலத்தை ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம். வட்டி கிடையாது. தவணை முடிந்ததும் நிலக்காரர் வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்வார்.

ஞானபாய் காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றினாள்.

அவ்வளவு காலம் பேசாமலிருந்த ஊர் அப்போது பேசியது. செல்வதாஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மாவின் பாம்படம் ஒருநாள் தன் மகளுக்கு வரும் என்று அவன் நினைத்திருந்தான். மகள் அதுவரை பிறக்கவில்லை, அது வேறு விஷயம்.

"நான் இருக்கேம்லா அம்மா? உன்னைப் பட்டினி போட்டிருவேனா?"

"போடமாட்டே மக்கா. ஆனா போடமாட்டியான்னு தினமும் உன் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்க எனக்கு வய்யா." தோளில் தொங்கிய வெறுங்காதைத் தடவிக்கொண்டாள். "இதுல தொங்கினா மட்டும் அது என்ன கஞ்சியா ஊத்தும்?"

ஒற்றிக்கு ஆதாரப் பத்திரம் எழுத உட்கார்ந்தபோது வைகுண்டராஜன், தவணை ஏழு வருடம் என்று எழுதச் சொன்னார். சொல்லும்போது மீசைக்குள் ஒரு சிரிப்பு. மணலில் நட்ட தெங்கு காய்க்க எட்டு வருடமாவது ஆகும் என்பது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் நட்டு, நனைத்து, வளர்த்து வைப்பாள். ஏழாவது வருடம் நூற்றைம்பதைக் கையில் கொடுத்துவிட்டு அவர் வளர்ந்த தோப்பில் இளநீர் குடிக்கலாம்.

ஞானபாய்க்கு அந்தச் சிரிப்பு பிடிபட்டது. பானையில் பேர் எழுதிவைக்காமல் ஒரு தடவை அரிசியைத் தொலைத்தவள் அவள். இன்னொரு தடவை தொலைக்கிறதாக இல்லை. நிலத்தை மீட்கிற அன்றைக்குக் காய்ப்புக்கு வந்த தெங்கு ஒவ்வொன்றுக்கும் தனியாக விலை கொடுத்துத்தான் மீட்கவேண்டும், அதையும் ஆதாரத்தில் எழுத வேண்டும் என்றாள்.

வைகுண்டராஜன் வாய்விட்டே சிரித்து, ஆதாரம் எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "எழுதும் ஓய். மரத்துக்கு இருபது ரூபா. இந்த மணல்ல ஏழு வருஷத்துல காய்ச்சா நான் முப்பதுகூடக் கொடுப்பேன்."

"அப்போ முப்பதுன்னு எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் ஞானபாய். அவர் சட்டென்று இருபதிலேயே நின்றுகொண்டார்.

ஆனி மழையில் நட்டாள். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு மாதத்தின் பேர். ஜனவரி கன்று ஜனவரிக்குக் கஞ்சி ஊற்றும், பிப்ரவரி பிப்ரவரிக்கு என்பது அவளுடைய திட்டம். வேலி கட்ட வந்த பனையேறி ரசலையன் அதைக் கேட்டு, மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தான். தெங்குக்கு மாசக்கணக்கு தெரியாது, காய்க்க ஆரம்பித்தால் எல்லாமே நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு கொடுக்கும் என்று விளக்கினான். ஞானபாய் முதலில் நம்பவில்லை. புரிந்த பிறகும் பேரை மாற்றவில்லை. வைத்த பேரை எப்படி மாற்றுவது?

அதற்கப்புறம் ஏழு வருடம் அவள் பட்ட பாட்டை எழுதினால் பெரிய புஸ்தகம் ஆகும், ஆனால் அவளுக்கு அது பாடாகத் தெரியவில்லை. கூடம் விட்டதும் ஓடையில் தண்ணீர், அவள் பேச்சில் வெள்ளம், கோரிக் குடம் குடமாக ஊற்றினாள். கடற்கரையிலிருந்து சாளை விற்க வரும் பெண்களிடம் விற்காமல் அழுகின மீனைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு தூரிலும் புதைத்தாள். அந்த வாடையோடு கோவிலுக்குப் போனால் பக்கத்துப் பெஞ்சு காலியாகிவிடும். கால் நீட்டி உட்கார்ந்து பிரசங்கம் கேட்கலாம். சனிக்கிழமைகளில் ரேந்தைக் கூடத்துப் பெண்கள் குளிக்கப் போகிற சாக்கில் ஆளுக்கொரு குடம் ஊற்றிவிட்டுப் போவார்கள். அவரவர் பிறந்த மாதத்துக்கு அவரவர் ஊற்றுவது என்று ஆகிவிட்டது. அக்டோபரில் மட்டும் நாலு பேர் பிறந்திருந்ததால் அக்டோபர் கொழுத்தது. ஏப்ரலில் ஒருத்திகூடப் பிறக்கவில்லை. போதாக்குறைக்கு முதல் வருடமே ஆடு கடித்தது, மூன்றாம் வருடம் வண்டு குடைந்தது. ஏப்ரல் நோஞ்சானாக நின்றது.

செல்வதாஸின் கோபம் எப்போது தீர்ந்தது என்று அவனுக்கே தெரியாது. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போது, "உங்கம்மைக்க ஏப்ரல் எப்படி இருக்கு?" என்று ஆட்கள் விசாரிப்பார்கள். முதலில் அவனுக்கு முகம் சிவக்கும். பிறகு, "ஏப்ரலுக்குச் சீக்கு, ஜூலைக்குச் சுகம்" என்று பதில் சொல்லப் பழகிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஞானபாய் ஏப்ரலைக் கைகாட்டினாள்.

பிடியரிசி நிற்கவில்லை. பானைதான் மாறியது. புதுப்பானையில் சுண்ணாம்பால் ‘ஞானபாய்க்கு மட்டும்’ என்று எழுதவைத்தாள். எழுதியது பூங்கனி. ஏசுஅடிமை உபதேசியார் வந்தால் முதலில் பானையைப் படித்துவிட்டுத்தான் சாக்கை விரிப்பார். அரிசி விற்ற காசு திருவிதாங்கூர்ச் சக்கரமாகச் சேர்ந்தது. பழைய சக்கரங்கள் செல்லாமல் போகின்றன என்று பேச்சு வந்ததும் அதையெல்லாம் ரூபாயாக மாற்றித் தபாலாபீசில் போட்டாள். புஸ்தகத்தில் தன் பேரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தபின்தான் வீட்டுக்கு வந்தாள்.

1954 மழையில் ஆகஸ்ட் முதல் பாளையை விட்டது. பிறகு மார்ச். பிறகு, சொல்லிவைத்தாற்போல் ஒவ்வொன்றாக. மீனும் வெள்ளமும் வேலையைக் காட்டிவிட்டன. ஞானபாய் இதை ஒரு ஜீவனிடமும் பேச வேண்டாம் என்று கூடத்தில் கேட்டுக்கொண்டாள். ஆச்சரியம் என்னவென்றால் முப்பது பெண்களும் வாயைத் திறக்கவில்லை. பெண்களுக்கு ரகசியம் தங்காது என்று சொல்பவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் ராத்திரி படுத்தால் அவளுக்கு ஒரே பயம்தான். பாளை விட்டால் மட்டும் போதுமா? குரும்பை உதிர்ந்துவிட்டால்? தவணைக்கு முன்னால் காய் திரளாவிட்டால், நூற்றைம்பதை வாங்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். அப்போது வயது ஐம்பது இருக்கும். நூல் ஏற்கெனவே இரண்டாகத் தெரிகிறது. திரும்பவும் ஏழு வருடத்துக்கு அவள் எங்கே போவாள்?

1955 ஆனியில் தவணை முடிந்தது. அன்றைக்கே மழை ஓய்ந்து வெயில் கொளுத்திய மத்தியானத்தில் வைகுண்டராஜன் வந்தார். கடையைக் கோட்டாற்றுக்கு மாற்றி நாலு வருடம் ஆகியிருந்தது, இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே ஞானபாய் வீட்டுக்கு நடந்து வந்து, நூற்றைம்பதை மடியிலிருந்து எடுத்து வைத்து, ஆதாரத்தைக் கொண்டா என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல வெள்ளம் குடியுங்க அண்ணாச்சி" என்றாள் ஞானபாய்.

பூங்கனி ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்தாள். அவர் தலையை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். இன்னொன்றும் வந்தது. அதையும் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல இனிப்பு. எங்கே வாங்கினே?"

"முதல்ல குடிச்சது ஆகஸ்ட். ரெண்டாவது குடிச்சது மார்ச்."

அவருக்கு விளங்கவில்லை. ஞானபாய் ஆதாரத்தைக் கொண்டுவந்து விரித்து, மரம் ஒன்றுக்கு இருபது ரூபாய் என்ற வரியில் விரலை வைத்தாள். நூல் இரண்டாகத் தெரிந்தாலும் அந்த வரி எந்த இடம் என்று அவளுடைய விரலுக்குத் தெரியும்.

வைகுண்டராஜன் எழுந்து மணலுக்கு நடந்தார். பின்னாலேயே ஞானபாய், பூங்கனி, விஷயம் கேள்விப்பட்ட ரேந்தைக் கூடத்துப் பெண்கள், ரசலையன். தாழைப்புதரைத் தாண்டியதும் அவர் நின்றுவிட்டார். மரத்துக்கு மரம் குலை. அக்டோபர் பாரம் தாங்காமல் மட்டையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

குரும்பையெல்லாம் காய்ப்பு ஆகுமா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். ரசலையன் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான்.

"அப்போ நீங்க குடிச்சது என்னது அண்ணாச்சி? மரச்சீனியா?"

அப்போது கிளம்பிய சிரிப்பு பஸ் நிற்கிற இடம்வரை கேட்டிருக்கும். வைகுண்டராஜன் வியாபாரி. சிரிப்புக்குக் கோபப்பட்டு நஷ்டப்படுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு மரமாகத் தட்டி எண்ணினார். பதினொன்று. ஏப்ரலை மட்டும் நிமிர்ந்து பார்த்து, இது சேராது என்றார். ஞானபாயும் ஒத்துக்கொண்டாள். காய்க்காததைக் காய்த்தது என்று அவள் சொல்லமாட்டாள்.

பதினோரு இருபது இருநூற்றிருபது. ஒற்றிப் பணம் நூற்றைம்பது. முந்நூற்றெழுபது ரூபாயை அந்த மணலுக்கு யார் கொடுப்பார்கள்? அவர் மணலில் உட்கார்ந்து மனசுக்குள் கணக்குப் பார்த்தார். ஞானபாய் எதிரே உட்கார்ந்தாள்.

"மீட்காண்டாம் அண்ணாச்சி. எனக்கே விலைக்கு எழுதித் தந்திருங்க. ஒத்திப்பணத்தத் திருப்பித் தராண்டாம். மேல அம்பது தாரேன்."

"நூறு."

"அம்பது. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்காமே, அதுக்கு நாலு குலை இளநீர்."

கடைசியில் அறுபது ரூபாயும் இளநீரும் என்று முடிந்தது. தபாலாபீசுப் புஸ்தகத்தில் எழுபத்திரண்டு இருந்தது. போகும்போது வைகுண்டராஜன் திரும்பி, தன் கடைக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும், வருகிறாயா என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். அந்தப் பானை அரிசியை ஏலத்தில் எடுத்தது நீங்கள்தானே, சோறு நன்றாக இருந்ததா என்று இவள் பதிலுக்கு விசாரித்தாள்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை ஞானபாய் தானே எழுந்து, பின்னல் திண்டை மதாம்மா முன்னால் கொண்டு வைத்தாள். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. மதாம்மா திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஞானபாய்தான் சோப்பை ஞாபகப்படுத்தினாள். ஜெபத்தையும் தானே செய்துகொண்டாள், சுருக்கமாக. மறுவாரம் தேங்காய் வெட்டி விற்ற பணம் வந்தது. ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினாள். குடை வாங்கவில்லை, முத்துநாயகம் வாத்தியார் மனசு கஷ்டப்படும்.

நவம்பரில் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நாகர்கோவிலெங்கும் வெடியும் கொடியுமாக இருந்தது. வேடிக்கை பார்க்கப் போன ஞானபாயைச் செல்வதாஸ் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, இடையில் பிறந்து இப்போது செல்வதாஸின் இடுப்பில் இருந்த பேத்தியின் சட்டை ஓரத்தைக் காட்டினார். நூல் ஒன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு இழையும் தெரிந்தது. விலை எட்டு ரூபாய்.

எட்டு ரூபாய். முப்பது வருடத்தில் எத்தனை பெண்களைச் சோப்புக்கட்டி கொடுத்து அனுப்பியாயிற்று! மதாம்மாவின் மூக்கிலேயே அந்தச் சாமான் தினமும் உட்கார்ந்திருந்ததே, ஒருநாளாவது கழற்றிக் கொடுத்தாரா? அந்தக் கடையில் வைத்து அவள் மதாம்மாவைத் திட்டியதை நான் எழுதப்போவதில்லை. எழுதவேண்டும் என்று ஆசைதான். திட்டி முடித்ததும், கண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு கண்ணாடி கொடுங்கள் என்றாள்.

மறுநாள் அந்த இரண்டையும் ரேந்தைக் கூடத்துக்குக் கொண்டுபோய், தடவித் தடவிப் பின்னிக்கொண்டிருந்த இருவர் மூக்கில் மாட்டினாள். ஒருத்தி தன் பின்னலைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இவ்வளவு மோசமாவா பின்னியிருக்கேன்?" என்று அலறினாள். மதாம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். ஞானபாயின் கண்ணாடியைப் பார்த்ததும் அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. கண்தான் சரியாகிவிட்டதே, திங்கட்கிழமையிலிருந்து வரலாமே என்றார்.

"வரமுடியாதும்மா" என்றாள் ஞானபாய். "பென்சன் வாங்குதவங்க வேலைக்கு வரப்பிடாதுல்லா. சட்டம்."

அன்று சாயங்காலம் கண்ணாடியோடு தோப்புக்குப் போனாள். செல்வதாஸ் ஏப்ரலுக்கு வெள்ளம் ஊற்றிக்கொண்டிருந்தான். அது இன்னும் காய்க்கவில்லை. அது காய்க்காவிட்டால் ஏப்ரலுக்கு என்ன செய்வாய் என்று மகன் கேட்டான்.

"ஏப்ரல் மாசம் உன் வீட்டுல சாப்பிடுதேன்" என்றாள் ஞானபாய். "அந்த ஒரு மாசந்தான். பூங்கனிகிட்ட இப்பவே சொல்லிவச்சிரு."